நீலம் என்று வந்தது

சோஹார் மீன் சந்தைக்குப் பின்னால்
தட்டச்சுக் கடையில்
சீனி நைனா கேட்கிறார்:
"இழப்பு என்ற கட்டத்தில் என்ன அடிக்க?"

யோசிக்கிறேன்.
ஏசி என் பிடரியில் சொட்டுகிறது.

சம்பளம் என்று அடியுங்கள்.
அலுமினிய உலையில் ஏழு மாதம், ஓவர்டைம் தனி.

கொஞ்சம் நிறுத்தி,
ஒரு பல் என்று அடியுங்கள்.
வாய்ப்புண்ணுக்குத்தான் அந்தப் பொடியை வைத்திருந்தேன்.
உள்ளே போனபின் புண் ஈறுக்குப் போனது,
ஈறு பல்லைக் கைவிட்டது.

பல்லுக்கு அரபியில் சொல் இருக்கிறதாம்.
விலை இல்லையாம்.

அன்றைக்குச் சாலைச் சோதனையில்
என் பையில் ஒரு காகிதப் பொட்டலம்.
என்ன இது?
படிகாரம் என்றேன்.
அதற்கு அரபியில் என்னவென்று
அப்போது தெரியாது எனக்கு.
அந்த ஒரு சொல்
இருநூற்றுப் பதினோரு நாள் பெறும்.

காவலருக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.
சின்னக் குப்பியில் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கி
விளக்குக்கு நேரே தூக்கினார்.
நீலம்.
அவருக்கும் புதுசு போல;
அட்டையிலிருந்த நீலத்தோடு இரண்டு தரம் ஒத்துப் பார்த்தார்.
நானும் எட்டிப் பார்த்தேன்.
நல்ல நீலம்தான்.
வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற சொட்டு நீலம்.

ஒரு நிமிடம்
எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.
அதை எந்தக் கட்டத்தில் அடிப்பீர்கள் நைனா?

உள்ளே ஷொஃபிகுல் என்று ஒருவன், சிட்டகாங்காரன்.
அவன் பொட்டலம் நிஜம்.
அதை அவன் மறைத்ததில்லை.
என் கதையைக் கேட்டு "ஃபிட்கிரிக்கா? ஃபிட்கிரிக்கா?" என்று
ஒரு பகல் முழுக்கச் சிரித்தான்.
அதிலிருந்து அங்கே என் பெயர் ஃபிட்கிரி.
கன்னம் வீங்கிய இரவுகளில்
தலையணையை என்னிடம் தள்ளிவிட்டு
கையை மடித்து வைத்துப் படுத்தான்.
இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

தலைநகர ஆய்வகத்தில் வரிசை நீளம்.
ஏழாம் மாதம் தாள் வந்தது:
அலுமினியம், பொட்டாசியம், கந்தகம், தண்ணீர்.
அலுமினிய ஆலைக்காரன் பையில்
அலுமினிய உப்பு.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மொழிபெயர்ப்பாளர் மட்டும் இருமினார்.

மனுவுக்குப் பதில் வர இன்னொரு ஆறு மாதம்.
நாளொன்றுக்கு ஆறு ரியால்.
மொத்தம் ஆயிரத்து இருநூற்று அறுபத்தாறு.
கழிக்க:
விசா முடிந்தபின் அனுமதியின்றி நாட்டில் தங்கியதற்கு,
நாலு மாத அபராதம்.

"தங்கியது" என்ற சொல்லில்
நைனாவின் விரல் நின்றுவிட்டது.
"எங்கே தங்கினீங்க? இவங்க வீட்லதானே?"

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கும் கூச்சம்.
அந்த வரியை அழிக்க எதையெதையோ அழுத்திப் பார்த்தாள்.
அவள் கணினியில் அதற்குப் பொத்தான் இல்லை.

கையெழுத்துப் போட்டேன்.
தாளில் என் பெயர் தவசிலிங்கம் இல்லை,
தாஃபாசி என்று என்னவோ.
பணம் அவனுக்கு வந்தது.

வெளியே சந்தையில், சாம்பிராணிக் கடையில்
கோணி நிறையப் படிகாரம்.
ஷப்பா என்கிறார்கள். வியர்வை நாற்றத்துக்கு
எல்லார் குளியலறையிலும் உண்டாம்.
அந்தக் காவலர் வீட்டிலும் இருக்கும்.
அன்றைக்கே அவர் அக்குளில் இருந்திருக்கும்.

கால் கிலோ கேட்டேன்.
பொடித்துத் தரவா?
வேண்டாம், கல்லாகவே கொடு.
பில் கொடு.
முந்நூறு பைசாவுக்கா?
ஆமாம். பெயரைப் பெரிதாக எழுது.
உன் பெயரையா?
இல்லை,
இதன் பெயரை.